பத்துக்கு மூன்று

என் அத்தானின் மூச்சுக்கு நானூற்றைம்பது என்று விலை வைத்தது அத்தானேதான். பல் டாக்டரம்மா கேட்டது ஆயிரத்து எண்ணூறு. அத்தான் சொன்னது ஆயிரத்து முந்நூற்றைம்பது. நடுவில் நின்ற நானூற்றைம்பதை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துணியை அவரே அவிழ்த்து வைத்துவிட்டு, அந்தச் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

கடைத்தெருவில் அவருக்கு 'முக்கால்' என்றுதான் பெயர். நீங்கள் என்ன விலை சொன்னாலும் அதில் முக்கால் பங்குதான் அவர் வாயிலிருந்து வரும். மூடுகிற ஹோட்டல், பேக்கரி, கேன்டீன் சாமான்களை மொத்தமாக எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, கம்ப்ரசரும் திருகும் மாற்றி, புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு விற்பது எங்கள் தொழில். ஒருவர் கண்ணீரோடு விற்பதை இன்னொருவர் கனவோடு வாங்குகிறார். நடுவில் நாங்கள் இரண்டையும் துடைத்துவிட்டு லாபம் பார்க்கிறோம். என் அக்காவை அவர் கட்டிக்கொண்ட பதினோரு வருஷமாக நான்தான் அவருக்குக் கூட்டாளி, வண்டி டிரைவர், எல்லாம்.

வலித்தது வலது பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வேருக்கு அடியில் இருந்த கறுப்பு நிழலைப் பேனா முனையால் சுற்றிக் காட்டினார்.

"இது சீழ். வேரைச் சுத்தம் பண்ணணும், இல்லன்னா பல்லை எடுத்துடணும். இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்."

"எவ்வளவு ஆகும்?"

"எல்லாம் சேத்து ஆயிரத்தி எண்ணூறு."

"ஆயிரத்து முந்நூத்தம்பது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது என்ன ஃப்ரிட்ஜாங்க?"

"ஃப்ரிட்ஜா இருந்தா கேரண்டி கேட்டிருப்பேனே!"

"சார், பணம் கஷ்டம்னா ரெண்டு மூணு தவணையா குடுங்க. இதை மட்டும் இப்படியே விட்டுட்டுப் போகாதீங்க."

அங்கேதான் காரியம் கெட்டது. தவணை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அத்தானின் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. கேட்காமலே தவணை கொடுக்கிறவர் இன்னும் கொஞ்சம் இறங்குவார் என்பது அவர் பழகிய கணக்கு. அந்த அம்மா சரக்கைத் தள்ளப் பார்க்கவில்லை, அவரைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. எங்கள் தொழிலில் அப்படி ஒருவரை நாங்கள் சந்தித்ததே இல்லை.

குறைந்தபட்சம் இதையாவது ஐந்து நாள் முழுசாகப் போடுங்கள் என்று ஒரு சீட்டை என் கையில் திணித்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ள அத்தானுக்கு இரண்டு நிமிஷம் ஆனது. எழுந்து போகிறவர் மெல்லத்தான் போக வேண்டும். 'சரி சரி, வாங்க' என்று முதுகுக்குப் பின்னால் குரல் வர இடம் கொடுக்க வேண்டும். குரல் வந்தது. "அடுத்தவங்க வாங்க" என்றது.

"ஒரு வாரம் போகட்டும் மச்சான்," என்றார் வண்டியில் ஏறும்போது. "எறங்கி வருவாங்க."

மூன்றாம் நாள் என்னை அந்தத் தெருப்பக்கம் அனுப்பி, கிளினிக் பெஞ்சில் எத்தனை பேர் என்று பார்த்து வரச் சொன்னார். ஏழு பேர் என்றேன். "ஏழா?" என்று முகம் சுருங்கியவர், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாத்திரை பதினைந்து. ஆறு விழுங்கியதும் வலி தணிந்துவிட்டது. மீதி ஒன்பதை மேசை டிராயரில் போட்டு, "ஸ்டாக் இருக்கட்டும், அடுத்த பல்லுக்கு ஆகும்," என்றார். பத்தாம் நாள் வலி சுத்தமாக நின்றது.

"பாத்தியா மச்சான்! டாக்டரம்மா எறங்கி வரல. பல்லே எறங்கி வந்துடுச்சு."

பல்லுக்குள் நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும், சீழ் நிற்காது என்று எங்களுக்குச் சொன்னவர்கள் அப்புறம்தான் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் அவருடைய வலது தாடை உப்பியது. அக்கா கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள், "ஏங்க, பன்னை வாயில வச்சு மறந்துட்ட மாதிரி இருக்கீங்க. டாக்டரைப் பாத்துட்டு வாங்க." வலிக்கவில்லையே என்றார் அத்தான். இரண்டு நாளில் வீக்கம் இடது பக்கமும் வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா போன் பண்ணினாள். குரல் சரியில்லை.

"தம்பி, அத்தான் படுக்கவே மாட்டேங்குறாருடா. படுத்தா அடைக்குதாம். நாற்காலியிலயே உக்காந்திருக்கார். தண்ணிகூட எறங்கல. எச்சிலக்கூட துணியிலதான் துப்புறார்."

"ஆஸ்பத்திரிக்குக் கெளப்பு, நான் வண்டிய எடுத்துட்டு வரேன்."

"கெளப்பிட்டேன். ஆனா பத்து மணிக்கு ஹோட்டல் சாமான் இருக்காம். அத முடிச்சுட்டுத்தான்னு பேப்பர்ல எழுதிக் காட்டுறாருடா!"

நான் போனபோது அவர் வாசல் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்கால் மேலும் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். முகவாய்க்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய மடிப்பைக் காணோம். தொட்டுப் பார்த்தேன். சதை மாதிரி இல்லை, பலகை மாதிரி இருந்தது, சுட்டது. "அத்தான்" என்றேன். பதிலுக்கு அவர் சொன்னது, வாயில் கொதிக்கிற எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரலில் வந்தது. "பத்து மணி" என்பது மட்டும் புரிந்தது.

"நேரா ஆஸ்பத்திரி. புரியுதா?" என்றாள் அக்கா என்னிடம். "கடையத் தொறந்து, பதினோரு மணிக்குப் பையன் வந்ததும் சாவியக் குடுத்துட்டு நானும் வந்துடறேன்."

"சரிக்கா."

அத்தானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பழைய அடுப்புகளைச் சுரண்டும்போது போடுகிற தூசி மாஸ்க்கை எடுத்து மூக்கு வரை ஏற்றிக்கொண்டார். எச்சில் வழிவதும் வீக்கமும் அதற்குள் மறைந்துவிட்டன. நாற்சந்தி வந்தது. வலப்பக்கம் ஆஸ்பத்திரி, இடப்பக்கம் ஹோட்டல். அவர் இடப்பக்கம் கை காட்டினார். நான் திருப்பினேன். இதில் நான் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பதினோரு வருஷமாக அவர் கை காட்டிய பக்கம்தான் என் ஸ்டியரிங் திரும்பியிருக்கிறது.

ஹோட்டல்காரர் சமையலறையைத் திறந்துவிட்டார். எட்டு பர்னர் அடுப்பு ஒன்று, பேக்கிங் அடுப்பு மூன்று, ஃப்ரீசர் இரண்டு, ஸ்டீல் மேசைகள், நாற்பத்திரண்டு நாற்காலி. நல்ல சரக்கு. இரண்டு லட்சம் என்றார்.

இந்த இடத்தில் எங்கள் வேலை முறையைச் சொல்லிவிட வேண்டும். விலை பேசும்போது அத்தானும் நானும் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். அவர் கை முதுகுக்குப் பின்னால் என் உள்ளங்கைக்குள் இருக்கும். வாய் சொல்கிற விலை எதிராளிக்கு. நிஜ விலையை விரல்கள் எனக்குச் சொல்லும். ஒவ்வொரு விரல் அழுத்தமும் பத்தாயிரம். உள்ளங்கைக்கு வந்தது வாய்க்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். முதல் வருஷம் ஒரு பேக்கரிக்காரரிடம் நான் வாய் தவறி நிஜ விலையை உளறினேன். அத்தான் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அக்கா மூலமாகத்தான் "உன் தம்பிய அந்த ஸ்பேனர எடுக்கச் சொல்லு" என்பார், நான் ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே.

அன்றைக்கு அவர் விரல்கள் பதினைந்து முறை அழுத்தின. ஒன்றரை லட்சம் வரை போகலாம். வாயில் முக்கால் வர வேண்டும். வரவில்லை. அத்தான் மாஸ்க்குக்குள் மூச்சு சீறச் சீற அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, ஒண்ணு எண்பது," என்றார் ஹோட்டல்காரர்.

அத்தான் அடுப்பைப் பார்த்தார்.

"என்ன சார், இப்படி நின்னா எப்படி? ஒண்ணு அறுபது. நாப்பது... சார், வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்க!"

வாயைத் திறக்க முடிந்தால்தானே. தாடை ஒரு விரற்கடைக்கு மேல் பிரியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஹோட்டல்காரருக்குத் தெரியாது. ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் அவர் கையைத் தட்டினார். "அழுத்தக்காரர்யா நீங்க! எடுத்துட்டுப் போங்க, உங்களோட நிக்கவே பயமா இருக்கு."

பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு சரக்கு இந்த விலைக்குப் படிந்ததில்லை. முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அத்தான் ஃப்ரீசர் மூடியின் மேல் இரண்டு கையும் ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி நின்றார். மெல்லிய குழாயில் கெட்டியான எதையோ உறிஞ்சுகிற மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சத்தம். மூடியின் மேல் எச்சில் சொட்டிக் குளமாகியிருந்தது.

இந்தமுறை அவர் எந்தப் பக்கமும் கை காட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் ஒரு மேசை. மேசை மேல் மூன்று டப்பா. அவசரத்தின் வரிசைப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகள். பின்னால் ஒரே ஒரு நர்ஸ். நாங்கள் போன நேரம் ஏதோ வேன் கவிழ்ந்து, ஏழெட்டுப் பேரை ரத்தமும் கண்ணாடித்தூளுமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நர்ஸுக்குப் பாதிக் கண் அவர்கள் மேல்.

"என்ன பண்ணுது?"

"பல்லு வீக்கம், சிஸ்டர்," என்றேன்.

அத்தானின் நெற்றியில் கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்தார். எழுதிக்கொண்டார். "வலி எவ்வளவு? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

அத்தானிடம் எண் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் முதல் விலையை நம் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் அவர் மண்டையில் ஓடும். பெரிய எண்ணைச் சொன்னால் பில்லும் பெரிசாக வரும். அத்தான் நிமிர்ந்தார். மாஸ்க்குக்குள் எதையோ சிரமப்பட்டு விழுங்கப் பார்த்தார். வலது கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினார்.

இடது கை என் உள்ளங்கைக்குள் வந்தது. ஐந்து விரல் அழுத்தின. அப்புறம் நான்கு.

"மூணு," என்று நர்ஸ் எழுதி, பச்சை அட்டையை நீட்டினார். "பெஞ்சுல உக்காருங்க. நம்பர் வந்ததும் கூப்பிடுவாங்க."

எங்கள் நம்பர் அறுபத்தொன்று. பலகையில் இருபத்தேழு ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தோம். எனக்கு இப்பக்கம் ஒரு அம்மா, கையில் சுளுக்கு. அப்பக்கம் அத்தான், முழங்காலில் கை ஊன்றி. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. "அத்தான், நான் போய்ச் சொல்லிடட்டுமா?" என்று காதில் கேட்டேன். தலையை ஆட்டினார், கூடாது என்று. கண்ணால் அதட்டினார். கிட்டத்தட்ட முடிந்த பேரத்தில் வாய் வைக்காதே என்கிற அதே அதட்டல்.

அந்த அதட்டல்தான் என்னை நம்ப வைத்தது. அதட்ட முடிகிற ஆள் சாகப்போகிறவர் இல்லை என்று நினைத்தேன்.

போன் அடித்தது. ஹோட்டல்காரர். "சாமான் எப்ப எடுக்குறீங்க? இன்னைக்கே எடுத்துட்டா நல்லது. உங்க ஆள் மனசு மாறிடப் போறார்."

"மாற மாட்டார் சார்."

"என்ன மனுஷன்யா அவர்! ஒரு வார்த்தை பேசாம தொண்ணூறு எறக்கிட்டாரே. அவர்கிட்ட கொஞ்சம் போனக் குடுங்க, பாராட்டணும்."

"அவரு பேச்சுல இல்ல சார்," என்று வைத்துவிட்டேன்.

முப்பத்தாறு. உறிஞ்சல் சத்தம் இப்போது இரட்டிப்பாகியிருந்தது. சுளுக்குக் கை அம்மா திரும்பிப் பார்த்து, "அவருக்கு ஆஸ்துமாவா தம்பி?" என்றார். "இல்லம்மா, பல்லு." "பல்லுக்கா இப்படி மூச்சு வாங்குது?" என்று நம்பாமல் நகர்ந்து உட்கார்ந்தார். அத்தானின் முகம் மாஸ்க்குக்கு மேலே தெரிந்தவரை சாம்பல் பூத்திருந்தது. அவர் கை மறுபடி என் உள்ளங்கையைத் தேடியது. ஐந்து. ஐந்து. பத்து. அதற்கு மேல் எண் கிடையாது. விரல்கள் நிற்கவில்லை. ஐந்து, ஐந்து, ஐந்து என்று அழுத்திக்கொண்டே போயின. ஒழுங்கு கலைந்து, வெறும் பிடியாகி, நகம் என் சதைக்குள் இறங்கியது.

அப்போது பலகையில் நாற்பத்தொன்று.

நான் எழுந்தேன். அவர் என் கையை விடவில்லை. உதறிவிட்டு ஓடினேன்.

"சிஸ்டர்! அவர் காட்டுனது பொய். மூணு இல்ல. ஒம்பது. அப்பவே ஒம்பது. இப்ப பத்துக்கு மேல போயிடுச்சு!"

"வரிசையில வாங்க. யாரு? எது பொய்?"

"வலி, சிஸ்டர்! நாங்க வியாபாரிங்க. முதல்ல சொல்ற நம்பர் எப்பவுமே பொய்தான்! மாஸ்க்கை எறக்கிப் பாருங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

கும்பிட்டதற்காக வந்தாரோ, கத்தியதற்காக வந்தாரோ, வந்தார். மாஸ்க்கை இழுத்ததும் எச்சில் கயிறு கயிறாக வழிந்தது. "நாக்க நீட்டுங்க." நீட்ட முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டி நின்றது. அதற்கு அடியில் இருந்த சதை உப்பி அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. நர்ஸ் தாடைக்கு அடியில் ஒரு விரலை வைத்தார். அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். எத்தனையோ கடைக்காரர் முகம் மாறி நான் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"படுக்க வைக்காதீங்க! யாரும் படுக்க வைக்காதீங்க, உக்காந்த மேனிக்கே தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே அவர் பச்சை அட்டையைப் பிடுங்கித் தரையில் போட்டார். சக்கர நாற்காலி வந்தது. தள்ளிக்கொண்டு போகும்போது அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நன்றி எல்லாம் இல்லை. நிஜ விலையைப் போட்டு உடைத்தவனைப் பார்க்கிற பார்வை.

சர்ஜன் ஒரு சின்ன அறையில் நின்றபடியே பேசினார். அக்கா அதற்குள் வந்திருந்தாள், ஒரு காலில் அத்தான் செருப்பு, ஒரு காலில் அவள் செருப்பு.

"பல்லு வேர்ல இருந்த சீழ் தாடைக்கும் நாக்குக்கும் அடியில பரவி, கழுத்துல எறங்கிக்கிட்டு இருக்கு. மூச்சுக்குழாய வெளிய இருந்து நெரிக்குது. வாய் வழியா குழாய் விட எடம் இல்ல. கழுத்துல துளை போட்டுத்தான் மூச்சு குடுக்கணும், அதுவும் உக்காத்தி வச்சே. அப்புறம் தாடைக்கடியில கீறி சீழ எடுக்கணும், பல்லையும் எடுக்கணும். சர்க்கரை முந்நூத்தி நாப்பது இருக்கு. இருக்குறது தெரியுமா?"

"அவருக்குச் சர்க்கரையே இல்லங்களே," என்றாள் அக்கா.

"பாத்ததே இல்லன்னு சொல்லுங்க."

"பொழைச்சுக்குவாரா டாக்டர்?" என்றேன்.

"இந்த நெலமையில வர்றவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் பொழைச்சுக்குவாங்க."

என் வாய், என்னைக் கேட்காமலே, சொன்னது: "ஒம்பது ஆக்குங்க டாக்டர்."

அக்கா என் தோளில் ஒரு அடி வைத்தாள். "எங்க நின்னு என்ன பேசுற!" சர்ஜன் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை அக்கா பக்கம் நீட்டினார். "இப்பவே கையெழுத்துப் போட்டா எட்டரை. பேசிக்கிட்டே நின்னா ஏழு."

அக்கா எழுத்து கோணிக்கொண்டு போக, கையெழுத்துப் போட்டாள். என்ன செலவாகும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்காமல் போட்ட முதல் கையெழுத்து அது.

ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"உனக்கு எப்படா தெரியும்? அவ்வளவு வலின்னு."

"அட்டை வாங்கும்போதே."

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்த?"

"நாப்பது நிமிஷம்." அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கும் போனோம்க்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. "கல்லாவுல உக்காந்து நாலஞ்சு நாளா அந்தத் தாடையப் பாத்துக்கிட்டு இருந்தவ நானு," என்றாள் கடைசியில். "நாப்பது நிமிஷத்த மட்டும் எடுத்துக்கிட்டு நீ தனியா அழாத. ரெண்டு பேரும்தான்."

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. அக்கா உள்ளே போய், அவர் கழுத்தில் குழாயைப் பார்த்துவிட்டு, மயக்கம் வருகிறது என்று வெளியே வந்து தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டாள். நான் போனேன்.

அத்தான் மருந்து மயக்கத்தில் கிடந்தார். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் ரப்பர் குழாய், கட்டு, கழுத்தின் நடுவில் பிளாஸ்டிக் துவாரம். அதன் வழியே காற்று போய் வந்தது. உறிஞ்சல் சத்தம் இல்லை. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அப்பாடா என்று மூச்சை விட்டேன்.

"இப்பவே விடாதீங்க," என்றார் பெரிய மீசை வைத்த நர்ஸ் ஒருவர். "மூச்சு வந்துடுச்சு. விஷம் ரத்தத்துல கலந்திருக்கு. பிரஷர் நிக்க மாட்டேங்குது, மருந்துலதான் நிறுத்தி வச்சிருக்கோம். இப்ப பாக்க வேண்டியது இது." கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பலகையைத் தட்டினார்.

கோடு போட்ட தாள். நடுவில் பிரித்து இரண்டு பத்தி. இடப்பக்கம் உள்ளே போனது, வலப்பக்கம் வெளியே வந்தது. மணிக்கு மணி எண். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷமாக இந்த மாதிரி வரவு செலவுத் தாளைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பே எரிந்திருக்கிறது.

"சிறுநீர் மணிக்கு முப்பத்தஞ்சு மில்லியாவது வரணும்," என்றார் மீசைக்காரர். "வரலன்னா கிட்னி கடைய மூடுதுன்னு அர்த்தம்."

மூடுகிற கடைகளுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறவர்கள் நாங்கள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போதே உள்ளே குனிந்து போய், எது தேறும், எது தேறாது என்று பார்ப்போம். நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து, அத்தானின் பையில் சொட்டிக்கொண்டிருந்த மஞ்சள் துளிகளைப் பார்த்தேன். துளிக்கும் துளிக்கும் நடுவில் நீளமான இடைவெளி.

இரண்டு மணிக்கு மீசைக்காரர் அளந்தார். பத்து. மூன்று மணிக்கும் பத்து. பாட்டிலை மாற்றினார், இன்னொன்றை வேகமாக ஓட விட்டார். சர்ஜன் வந்து பார்த்துவிட்டு மருந்தின் அளவைக் கூட்டிவிட்டுப் போனார். நான் வெளியே வந்து அக்காவிடம் சொல்வேன். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் அதையே சொல்வாள். நான்கு மணிக்குப் பதினைந்து.

"கூடுதுல்ல?" என்றாள் அக்கா.

"அஞ்சு கூடியிருக்கு."

"அஞ்சுன்னா?"

"ஒரு ஸ்பூன்."

"ஒரு ஸ்பூன்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு ஸ்பூனை அவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்து மணிக்கு இருபது. மீசைக்காரர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல வியாபாரி ஆகியிருப்பார்.

ஆறு மணிக்கு அவர் வேலை முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும் நேரம். பையைத் திருகித் திறந்து, அளவுக் குவளையில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குத் தூக்கினார். நான் பக்கத்தில் போய் நின்று, கோடுகளை நானே எண்ணினேன். இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னோம், முப்பத்தைந்தைத் தாண்டிய எண். நாற்பது.

"சரி," என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் எழுதும்போது பேனாவை அழுத்தி எழுதினார். கழுத்துக் குழாய்களில் வடிந்த சீழையும் அளந்து சேர்த்தார். பிறகு ஸ்கேல் வைத்து அடியில் ஒரு கோடு கிழித்து, கூட்டி, ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் பழக்கத்தில் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

உள்ளே போனது: இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.

வெளியே வந்தது: சிறுநீர் தொண்ணூற்றைந்து, சீழ் ஐம்பத்தைந்து. ஆக நூற்றைம்பது.

மீதி, உடம்பில் நிற்பது: இரண்டாயிரத்து இருநூறு. இன்னும் வர வேண்டியது.